நன்மை தீமைகளை நன்கு ஆராய்ந்து

‘நான் என் சுய நினைவுடனும் முழு மனதுடனும், பிறருடைய தூண்டுதலோ வற்புறுத்தலோ இல்லாமலும், இதனால் ஏற்படும் நன்மை தீமைகளை நன்கு ஆராய்ந்தும் எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரம்.’

இந்த வரியை எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று கணக்கு இல்லை. கையால் எழுதினேன், டைப் மிஷினில் அடித்தேன், பிறகு கம்ப்யூட்டரில் அடித்தேன். பத்திரம் எழுதுவது என் தொழில். 1990-ல் உரிமம் வாங்கினேன். அதற்கு முன் நான்கு வருஷம் ஒரு பெரியவரிடம் உதவியாளாக இருந்தேன். அதற்கும் முன்னால் திருவண்ணாமலை தாலுகா ஆபீஸ் பக்கம் மனு டைப் அடித்துக்கொண்டிருந்தேன். வீடு அடி அண்ணாமலையில். புத்தகங்களில் ஆதி அண்ணாமலை என்று போடுவார்கள். ஊர்க்காரர்களின் வாயிலும் பத்திரங்களின் சொத்து விவரத்திலும் அடி அண்ணாமலைதான். மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய இடம் என்று அவருக்கு இங்கே ஒரு கோயில் உண்டு. மார்கழியில் விடியற்காலை அந்தப் பாட்டைக் கேட்டபடிதான் சைக்கிளைத் துடைத்து எடுத்துக்கொண்டு டவுனுக்குக் கிளம்புவேன்.

நான் சொல்லப்போவது மேலே எழுதிய அந்த ஒரு வரியைப் பற்றி. முதல் பதினோரு வருஷம் அதை நான் பொய்யாக எழுதினேன். பொய் என்று தெரியாமலே எழுதினேன்.

இந்த வரியின் ஆங்கிலச் சொந்தக்காரனைத்தான் நான் முதலில் சந்தித்தேன். 1981-ல் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தேன், அடுத்து ஹையர். நிமிஷத்துக்கு 45 வார்த்தை. விரல் ஓடும், ஆனால் அடிக்கிற ஆங்கிலத்தில் பாதிக்கு அர்த்தம் தெரியாது. வக்கீல் ஒருவர் கடிதங்களை வாயால் சொல்ல, நேரடியாக மிஷினில் அடிப்பேன். ஒருநாள், கட்சிக்காரர் ஒருவர் வழக்கைத் தொடர்வதா சமாதானமாகப் போவதா என்று முடிவெடுப்பதற்காக ஒரு கடிதம் சொன்னார். அதில் ‘ப்ரோஸ் அண்ட் கான்ஸ்’ என்று ஒரு தொடர் வந்தது. காதில் விழுந்ததை அடித்தேன். ப்ரோஸ் என்பதன் கடைசியில் ‘இ’ என்ற எழுத்தைச் சேர்த்துவிட்டேன். அது உரைநடை என்ற வேறு சொல். அதற்கு முன்னால் ‘வெய்’ என்று எடை போடுவதற்கான சொல்லைச் சொல்லியிருந்தார். நான் வழி என்று பொருள்படும் சொல்லை அடித்திருந்தேன். உரைநடையின் வழி என்றாகிவிட்டது கட்சிக்காரரின் தலைவிதி.

அவர் திட்டவில்லை. உட்காரச் சொன்னார். ப்ரோ என்றால் லத்தீனில் ‘சார்பாக’, கான் என்பது ‘கான்ட்ரா’வின் சுருக்கம், அதாவது ‘எதிராக’. இரண்டுக்கும் பன்மையாக ஓர் எஸ், அவ்வளவுதான். நடுவில் மேற்கோள் புள்ளி மாதிரி எதுவும் வைக்காதே என்றார். “இது பேச்சுக்குப் பக்கத்தில் இருக்கிற சொல். கடிதத்தில் போடலாம், பத்திரத்தில் போடாதே. இன்னொன்று, இதைப் போட்டால் அடுத்த வரியிலேயே ரெண்டு பக்கமும் வரணும். நல்லதை மட்டும் எழுதிட்டு இந்தச் சொல்லைப் போட்டா, படிக்கிறவனை ஏமாத்துறதா ஆயிடும்.” அந்தக் கடிதத்தில் கீழே இரண்டு பத்தி இருந்தது. வழக்கைத் தொடர்ந்தால் என்ன கிடைக்கும், என்ன போகும். சமாதானமாகப் போனால் என்ன கிடைக்கும், என்ன போகும். நாலையும் எழுதியிருந்தார். அதைத் திரும்ப அடித்தேன். எழுத்துக்கூட்டு மட்டும் மனசில் நின்றது. இரண்டாவது சொன்னது நிற்கவில்லை. அதற்கு நான் பின்னால் விலை கொடுத்தேன்.

பத்திரத் தொழிலில் எனக்குக் குருவாக இருந்த பெரியவருக்கு அழகான கையெழுத்து. முத்திரைத்தாளைத் தொடைமேல் பலகை வைத்து அதில் எழுதுவார். அடித்தல் திருத்தல் வராது. ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய், தானாதி விநியோக விற்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள’ என்று அவர் சொல்லச் சொல்ல நான் நகல் எழுதுவேன். சக்குபந்தி எழுதும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வார். கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்கு என்று அந்த நிலத்தைச் சுற்றி மனசால் நடப்பார். எல்லையில் ஒரு பனைமரம் விட்டுப்போனால் இரண்டு தலைமுறை கோர்ட்டுக்கு நடக்கும் என்பார்.

தொழிலின் கதையாக அவர் அடிக்கடி சொல்வது சுந்தரர் கதை. கல்யாணப் பந்தலில் கிழவர் ஒருவர் ஓலையோடு வந்து நீ எனக்கு அடிமை என்கிறார். சுந்தரர் ஓலையைப் பிடுங்கிக் கிழிக்கிறார். நீ கிழித்தது படியோலை, மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்கிறார் கிழவர். சபை கூடி, சுந்தரருடைய பாட்டனாரின் வேறொரு எழுத்தோடு கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறது. நகல், அசல், சாட்சி, கையெழுத்து ஒப்பீடு என்று நம் தொழிலின் அத்தனை சரக்கும் சேக்கிழாரிடம் இருக்கிறது என்பார். “அந்த ஓலையில ஒரு சொல் வருதுடா. உள்ளமும் எழுத்தும் ஒண்ணா இருந்து எழுதிக் குடுத்தேன்னு அர்த்தம். எண்ணூறு வருஷத்துக்கு முந்தியே இந்த வரியை விடலை. நீயும் விடாதே.” நானும் விடவில்லை. வரியை விடக்கூடாது என்பதை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

நான் உரிமம் வாங்கிய நேரம், சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரங்கள் அதிகமாக வர ஆரம்பித்த நேரம். 1989 செப்டம்பரில் வட ஆற்காட்டைப் பிரித்துத் திருவண்ணாமலை தனி மாவட்டமானது. கலெக்டர் ஆபீஸ், கோர்ட், புது ஆபீஸ்கள் என்று ஊர் வீங்கியது. பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிற கூட்டம் வருஷத்துக்கு வருஷம் பெருகியது. 14 கிலோமீட்டர் பாதையை ஒட்டி, மழையை நம்பி மல்லாட்டை போட்டுக்கொண்டிருந்த கொல்லைகளை சென்ட் கணக்கில் கேட்டு ஆள் வந்தார்கள். அதே சமயத்தில்தான் சட்டமும் மாறியது. 1989 மார்ச் 25 முதல், அன்றைக்குக் கல்யாணம் ஆகாத பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் ஆண் பிள்ளைகளுக்குச் சமமான பங்கு என்று தமிழ்நாடு சட்டம் செய்தது. கல்யாணமான பெண்களுக்கும் அப்பன் இறந்தால் அவர் பங்கில் உரிமை 1956-லிருந்தே இருக்கிறது. ஆனால் நிலத்துக்கு விலை இல்லாத காலத்தில் அதை யாரும் கேட்கவில்லை, யாரும் பயப்படவும் இல்லை. விலை வந்ததும், வாங்க வருகிறவர் ‘அக்கா தங்கச்சி கையெழுத்து எங்கே’ என்றார். அண்ணன் தம்பிகள் பஸ் ஏறிப் போய்க் கூட்டி வந்தார்கள்.

அப்படி 1991-ல் செங்கம் பக்கத்திலிருந்து ஓர் அம்மாவைக் கூட்டி வந்தார்கள். நாற்பது வயது இருக்கும். அண்ணன் டீ வாங்கிக் கொடுத்தார். பெஞ்சின் ஓரத்தில், கையில் ஒரு மஞ்சப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெயர், கணவர் பெயர், ஊர் மூன்றையும் அண்ணனே சொன்னார். நான் எழுதினேன். படித்துக் காட்டினேன், உண்மைதான், ஆனால் எப்படிப் படித்துக் காட்டினேன்? சொத்து விவரத்தை வேகமாக வாசித்து, ‘மேற்படி’, ‘மேற்படி’ என்று ஓட்டி, “சரிதானேம்மா” என்று முடித்தேன். அந்த அம்மா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தலையை ஆட்டினார். பெருவிரலை மைப்பெட்டியில் அழுத்தி நானே ரேகை வைத்தேன். சார்பதிவாளர், எழுதிக் கொடுத்தது நீதானா என்று கேட்டார், ஆமாம் என்றார். அரை நாளில் முடிந்தது.

2002-ல் எனக்குச் சம்மன் வந்தது. அந்த நிலம் கைமாறி மனையாகியிருந்தது. பத்திரம் செல்லாது என்று அந்த அம்மா வழக்குப் போட்டிருந்தார். எழுதியவன் என்ற முறையில் நான் சாட்சி. பத்திரம் எழுதுகிறவன் கோர்ட்டுக்குப் போவது புதிதல்ல. கையெழுத்தை அடையாளம் காட்டிவிட்டு வந்துவிடுவோம். அன்றைக்கு எதிர்த் தரப்பு வக்கீல் சின்ன வயசு. பத்திரத்தை என் கையில் கொடுத்து இரண்டாம் பக்கம் மூன்றாம் வரியைப் படிக்கச் சொன்னார். படித்தேன்.

“நன்மை தீமைகளை நன்கு ஆராய்ந்து என்று இருக்கிறது. யார் ஆராய்ந்தது?”

“எழுதிக் கொடுத்தவங்க.”

“உங்கள் எதிரில் ஆராய்ந்தாரா?”

“இல்லைங்க.”

“வேறு எங்காவது ஆராய்ந்தது உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாதுங்க.”

“பிறகு எப்படி எழுதினீர்கள்?”

“வழக்கமா எழுதுறதுங்க.”

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை, உட்கார்ந்துவிட்டார். நீதிபதி என் பதிலைச் சொல்ல, பக்கத்தில் டைப்பிஸ்ட் அடித்தார். நான் அந்தச் சத்தத்தில் வளர்ந்தவன். எத்தனை எழுத்து, எங்கே இடைவெளி என்று சத்தத்திலேயே தெரியும். ‘வழக்கமாக எழுதுவது’ என்று அடித்துவிட்டு அவர் வரியைத் தள்ளிய ஓசை இன்றைக்கும் காதில் இருக்கிறது.

வெளியே புங்கமரத்தடியில் அந்த அம்மா நின்றிருந்தார். தலை நரைத்திருந்தது. ஒதுங்கிப் போகப் பார்த்தேன், கூப்பிட்டார். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கிற குரல்.

“ஏம்பா, நான் ஆராஞ்சேன்னு எழுதியிருக்கியாமே. எம்பேரன் படிச்சிச் சொன்னான். அன்னிக்கி நான் இன்னாத்த ஆராஞ்சேன்? அண்ணன் கூப்புட்டுச்சி, வந்தேன். டீ குடுத்துச்சி, குடிச்சேன்.”

எனக்குப் பதில் இல்லை. வழக்கு பிறகு சமாதானத்தில் முடிந்தது. அண்ணன் ஏதோ ஒரு தொகை கொடுத்தார். அந்த அம்மா தாய்வீட்டுப் படி ஏறுவதை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

சாட்சி சொன்ன அன்றைக்கு ராத்திரி, எனக்குக் கடிதம் சொல்லி அடிக்கவைத்த பழைய வக்கீல் சொன்ன அந்த இரண்டாவது விஷயம் இருபது வருஷம் கழித்து நினைவுக்கு வந்தது. ரெண்டு பக்கமும் வரணும். வக்கீல் கட்சிக்காரருக்கு எழுதிய கடிதத்தில் அந்த இரண்டு பத்தி இருந்தது. என் பத்திரத்தில் இரண்டு பத்திக்குப் பதில் ஒரு வரி மட்டும் இருந்தது. எடை போட்டேன் என்கிற வரி இருக்கிறது, தராசே கிடையாது.

அடுத்த வாரத்திலிருந்து ஒரு பழக்கம் வைத்தேன். தினசரி காலண்டரில் கிழித்த தாள்களைச் சேர்த்து வைப்பேன். பத்திரம் எழுத வருகிறவரை, முக்கியமாகக் கொடுக்கிறவரைத் தனியாக உட்கார வைத்து, தாளைத் திருப்பி நடுவில் ஒரு கோடு போடுவேன். இந்தப் பக்கம் உங்கள் கையை விட்டுப் போவது, அந்தப் பக்கம் உங்களுக்கு வருவது. அவர்கள் சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதுவேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுவேன், மேற்படி போடாமல்.

சில நாளில் ஒரு குறை தெரிந்தது. இரண்டு பக்கம் போதவில்லை. திருக்குறளில் தெரிந்து செயல்வகை என்று ஓர் அதிகாரம், 47-வது. அதன் முதல் குறளில் வள்ளுவர் இரண்டைக் கேட்கவில்லை, மூன்றைக் கேட்கிறார். அழிவது என்ன, ஆவது என்ன, ஆனபிறகு அதிலிருந்து வழிவழியாக வருவது என்ன. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், அப்போது இந்த மூன்றாவது கண்ணில் படவில்லை. ஆங்கிலக்காரர்களின் தொடர் இரண்டு தட்டோடு நின்றுவிடுகிறது. பத்திரத்தில் ஆளை அடிப்பது மூன்றாவதுதான். இன்றைக்குக் கொடுப்பதும் வாங்குவதும் கண்ணுக்குத் தெரியும். பத்து வருஷம் கழித்து வாங்கியவனுக்குக் கல்யாணமாகி, கடனாகி, அவன் இந்த நிலத்தை அடமானம் வைக்கும்போது நீங்கள் எங்கே உட்கார்ந்திருப்பீர்கள்? கோட்டுக்குக் கீழே மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டேன்.

கேள்வியை எந்தச் சொல்லில் கேட்பது என்பதையும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. ‘சாதக பாதகம் பார்த்தீங்களா’ என்று ஒரு பெரியவரைக் கேட்டேன். “சாதகம் பார்த்தாச்சி, குரு நல்லா இருக்கான்” என்றார். ஜாதகம் என்று எடுத்துக்கொண்டார். ‘பின்விளைவு யோசிச்சீங்களா’ என்று கேட்டால் முகம் மாறும். மருந்துச் சீட்டில் வருகிற சொல் அது, கெடுதல் மட்டும்தான் அதில் கேட்கிறது. ‘விளைவு’ என்ற சொல் நல்லது. விதைத்தால் வருவது விளைவு. நெல்லும் வரும், பதரும் வரும். ஆனால் பேச்சில் அது ஏறவில்லை. ‘லாப நஷ்டம்’ என்றால் காசை மட்டும் நினைக்கிறார்கள்.

கடைசியில் ‘நல்லது கெட்டது’ என்று கேட்டேன். அதற்கு ஓர் ஆயா சொன்ன பதிலை இந்த முப்பத்தைந்து வருஷத்தில் நான் கற்ற பாடங்களில் முதலாவதாக வைப்பேன்.

அண்ணனுக்கு விடுதலை எழுதத்தான் அந்த ஆயாவும் வந்தார்கள். தாளில் கோடு போட்டு, நிலம் இத்தனை சென்ட், இன்றைக்கு இவ்வளவு விலை போகும், அதில் உங்கள் பங்கு இவ்வளவு, அது போகிறது என்று ஒரு பக்கம் எழுதினேன். மறுபக்கம் வெறுமையாக இருந்தது.

“ஆயா, நல்லது கெட்டது எல்லாம் யோசிச்சிதான் எழுதுறீங்களா?”

“அதுக்குதாம்பா எழுதுறேன். நல்லது கெட்டதுக்கு அண்ணன்தான வரணும். எம்பேத்தி மஞ்சத்தண்ணிக்குச் சீரு எடுத்துக்கினு யாரு வருவா? நான் செத்தா பொறந்த வூட்டுக் கோடி யாரு போடுவா? நெலத்துல சண்டை வந்தா அது வருமா?”

எங்கள் பக்கத்தில் நல்லது கெட்டது என்றால் கல்யாணமும் சாவும். நான் கேட்டது ஒன்று, அவர்களுக்குக் கேட்டது ஒன்று. ஆனால் அவர்கள் சொன்னதுதான் அந்தக் கேள்விக்கு நேரான பதில். மறுபக்கத்தில் எழுத எதுவுமே இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் அவர்களிடம் நிரம்பி வழிந்தது. ‘சீர், கோடி, வந்துபோக்கு’ என்று எழுதினேன். அவர்கள் ரேகை வைத்தார்கள். அந்தப் பத்திரத்தில் ‘ஆராய்ந்து’ என்று எழுதியபோது கை நடுங்கவில்லை.

பெண்கள் உரிமையை விட்டுக்கொடுப்பது சரி என்று நான் சொல்லவில்லை. என் மகளுக்கும் மகனுக்கும் சமமாகத்தான் உயில் எழுதி வைத்திருக்கிறேன். 2005-ல் மத்தியச் சட்டம் திருந்தியதும், அப்பா அப்போது உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் எனக்குச் சந்தோஷம். வருகிறவர்களிடம் வாய் நோகச் சொல்கிறேன். ஆனால் சீரும் கோடியும் தாய்வீட்டுப் படியும் எடையில்லாதவை என்று தள்ளிவிட்டுத் தராசைப் பிடித்தால், அது என் தராசு, அவர்கள் தராசு அல்ல.

தராசு ஒரு பக்கம் சாய்ந்து ஆளையே கவிழ்த்தது செட்டில்மெண்டில்தான். குடும்பத்துக்குள் எழுதினால் முத்திரைத் தீர்வை குறைவு. அதனால் ‘உயிலெல்லாம் வேணாம் சார், இப்பவே செட்டில்மெண்ட் போட்டுடுங்க’ என்று பிள்ளைகள் அப்பனைக் கூட்டி வருவார்கள். உயிலை உயிரோடு இருக்கும்வரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மெண்ட் பதிவான நிமிஷமே சொத்து கை மாறிவிடும், திரும்பாது. இந்த ஒரு வித்தியாசத்தைப் புரிய வைக்க நான் செலவழித்த நேரத்தில் நூறு பத்திரம் கூடுதலாக எழுதியிருக்கலாம். “உங்க பிள்ளை நல்லவன்தான் ஐயா. அவன் உங்களுக்கு முந்திப் போயிட்டா?” என்று கேட்பேன். யாரும் அதை யோசித்திருக்க மாட்டார்கள். கேட்பதற்கே கூசும், ஆனால் கேட்டேயாக வேண்டும். மகனுக்குப் பின் மருமகளும் பேரனும் வாரிசு. பெற்றவருக்கு அந்த வீட்டில் இருப்பதற்கு எழுத்தில் என்ன இருக்கிறது?

எனவே, ஆயுள்வரை குடியிருந்து அனுபவிக்கும் உரிமையைத் தாங்களே வைத்துக்கொள்வதாக ஒரு பத்தி, சாப்பாடு, துணி, வைத்தியம் பார்க்க வேண்டும் என்பதை நிபந்தனையாக இன்னொரு பத்தி. 2007-ல் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. அதன் 23-வது பிரிவு, பார்த்துக்கொள்வார் என்ற நிபந்தனையோடு கொடுத்து, பார்த்துக்கொள்ளாவிட்டால் பத்திரத்தை ரத்து செய்யலாம் என்கிறது. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், அப்படி ஒரு நிபந்தனை இருந்ததை நிறுவ வேண்டும், அன்பாகக் கொடுத்தேன் என்பது மட்டும் போதாது என்றது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத் தாய் ஒருவரின் வழக்கில், மகனுக்குக் கொடுத்த தானப் பத்திரத்தை அதே நீதிமன்றம் ரத்து செய்தது. பெற்றோரைப் பார்த்துக்கொள்வேன் என்று மகன் தனியாக எழுதிக் கொடுத்த ஒரு தாள் அங்கே இருந்தது. ஒரு தாள் இருந்ததற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். ‘அன்பினாலும் பாசத்தினாலும்’ என்று மட்டும் எழுதி நான் கையெழுத்து வாங்கிய பழைய பத்திரங்களை நினைத்தால் தூக்கம் வராது.

நிபந்தனைப் பத்தியைப் பார்த்ததும் சில பிள்ளைகளுக்குக் கோபம் வரும். “எங்கப்பாவை நாங்க பார்த்துக்க மாட்டமா? எங்களை என்னான்னு நெனச்சீங்க?” என்று எழுந்து போய்விடுவார்கள். வேறொருவரிடம் அரை மணியில் எழுதி முடித்து, என் கடை வழியாகவே பதிவுக்குப் போவார்கள். அப்பா திரும்பிப் பார்க்காமல் பின்னால் நடப்பார். அந்த முதுகுகள் எனக்கு மறக்கவில்லை.

‘ப்ரோஸ் அண்ட் கான்ஸ்’ மறுபடியும் ஒருமுறை வந்தது. ரமணாசிரமத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிடுகிற வெளிநாட்டுக்காரர்கள் கிரிவலப் பாதையில் வீடு எடுப்பது பெருகியதும், வாடகை ஒப்பந்தங்களை ஆங்கிலத்தில் எழுத ஆள் தேவைப்பட்டது. 2009 வாக்கில் ஐரோப்பிய அம்மா ஒருவர் அடி அண்ணாமலையில் ஒரு வீட்டை நீண்ட குத்தகைக்கு எடுப்பது பற்றிக் குறிப்பு கேட்டார். வீட்டுக்காரர் எனக்குத் தெரிந்தவர். நான் அந்தத் தொடரைத் தலைப்பாகவே போட்டு ஒரு பக்கம் அடித்துக் கொடுத்தேன். மலை தெரியும், காற்று வரும், தண்ணீர் இனிக்கும், அக்கம்பக்கம் நல்லவர்கள். அவர் படித்துவிட்டு, ப்ரோஸ் இருக்கிறது, கான்ஸ் எங்கே என்று மென்மையாகக் கேட்டார். முகம் சிவந்துவிட்டது. கோர்ட்டில் கற்றதைத் தமிழில் கடைப்பிடித்துக்கொண்டு, ஆங்கிலத்தில் பழைய ஆளாகவே இருந்திருக்கிறேன். மறுநாள் திருத்திக் கொடுத்தேன். இந்தியாவில் வசிப்பவராகக் கணக்கில் வராத வெளிநாட்டவர் 5 வருஷத்துக்கு மேல் குத்தகை எடுக்க முடியாது. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். 11 மாத ஒப்பந்தம் என்பது பதிவைத் தவிர்க்க ஊரே பிடித்திருக்கிற வழக்கம், அது அவருக்குப் பாதுகாப்பு அல்ல. பௌர்ணமி ராத்திரிகளில் வாசலில் வண்டி நகராது. தீபத்துக்கு ஊரே கூட்டம். வீட்டுக்காரர் என்னோடு சில மாதம் பேசவில்லை. அந்த அம்மா ஒரு வருஷம் மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு, பிறகு தொடர்ந்தார்.

2018-ல் பத்திரப்பதிவு ஆன்லைனுக்குப் போனது. விரல் ரேகையும் போட்டோவும் மிஷினில். பதிவுத்துறையே மாதிரிப் பத்திரங்களைக் கொடுக்கிறது. நல்ல காரியம். ஆள் மாறாட்டம் குறைந்திருக்கிறது, எங்கள் தயவில்லாமல் ஜனங்களே எழுதிக்கொள்ளவும் முடிகிறது. ஆனால் முன்பெல்லாம் அந்த வரியை எழுதுவதற்குக் கையாவது வலித்தது. இப்போது ஆள் வருவதற்கு முன்பே வரி ஸ்கிரீனில் தயாராக இருக்கிறது. என்னிடம் வேலை பார்க்கும் பையன் கெட்டிக்காரன். பெயரையும் சர்வே நம்பரையும் மாற்றினால் பத்து நிமிஷத்தில் பத்திரம். அவனுக்கு நான் வைத்திருக்கும் ஒரே கட்டளை, மாதிரிப் படிவத்தில் ‘நன்மை தீமைகளை நன்கு ஆராய்ந்து’ இருக்கிற இடத்தைக் காலியாக விடு என்பதுதான். காலண்டர் தாள் எழுதி முடித்த பிறகு நானே அடிப்பேன்.

போன பங்குனியில் எங்கள் ஊரிலேயே ஒரு வீட்டுக்குப் போனேன். எழுபத்தைந்து வயதுப் பாட்டி, பிள்ளையில்லை, கணவர் இல்லை. தம்பி மகள் ஒருத்தி பன்னிரண்டு வருஷமாகக் கூடவே இருக்கிறாள். வீடும் பின்னால் ஆறு சென்ட் கொல்லையும் அவளுக்கு எழுத வேண்டும். அந்தப் பெண்ணை வெளியே அனுப்பிவிட்டுத் தாளில் கோடு போட்டேன். போவது, வருவது, அப்புறம் வருவது. உயில் எழுதலாமே என்றேன். அவள் உங்களுக்கு முந்திப் போனால் என்றேன். நாளைக்கு அவள் கல்யாணமாகிப் போய், வருகிறவன் விற்கச் சொன்னால் என்றேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்கள். திண்ணையிலிருந்து பார்த்தால் மலை முழுசாகத் தெரியும் வீடு அது.

“ஆயுசு வரைக்கும் நான் இங்கியே இருக்கணும்னு எழுதிடு. அது வேணும். மத்தபடி நீ சொல்றது எதையும் நான் ஆராயலபா. ஆராஞ்சிக் குடுக்குறதா இது? அந்தப் பொண்ணு எனக்குத் தலை வாரிவுடுது. குடுக்கணும்னு தோணிச்சி, குடுக்குறேன். அப்படியே எழுது.”

‘ஆயுட்கால அனுபவ உரிமை நீங்கலாக, மனமுவந்து’ என்று எழுதினேன். அதற்குமேல் எழுதவில்லை. படித்துக் காட்டினேன். தலையை ஆட்டினார்கள்.

மறுநாள் பதிவுக்குப் போகும் முன் பையன் பக்கங்களைச் சரிபார்த்தான். இரண்டாம் பக்கத்தில் நின்று, “சார், அந்த வரி விட்டுப்போச்சு” என்றான்.

“விட்டுப்போகலை. அவங்க சொல்லலை” என்றேன்.

அவன் தாள்களை அடுக்கிக் கோப்பில் வைத்தான். பாட்டியைக் கைப்பிடித்து ஆட்டோவில் ஏற்றினோம்.